சம்பந்தியும் ஏழாவது சீட்டும்

டயரை உதைக்க வேண்டாம் தம்பி. வண்டி பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் டயரைத்தான் உதைக்கிறீர்கள். உதைத்ததில் உங்களுக்கு என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, நீங்கள் ஜீப் ஓட்டியவர் இல்லை என்று. இப்படி இந்தக் கல்லில் உட்காருங்கள். வண்டிக்குள் ஏற வேண்டாம். ஏறுவதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

போனில் விளம்பரம் போட்டது நானில்லை. மதுரையில் இருக்கிற என் மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி போட்டது. 'தொண்ணூற்று நாலு மாடல், ஒரே ஓனர், போர்வீல், ஒன்பது பேர் அமரலாம், உபயோகம் இல்லாததால் விற்பனைக்கு.' உபயோகம் இல்லாதது வண்டியா, வண்டிக்காரனா என்று அதில் விளக்கம் இல்லை. போகட்டும்.

என் பெயர் சென்றாயன். போடி ஜீப் ஸ்டாண்டில் விசாரித்துப் பாருங்கள். பாதிப் பேர் என்னைத் தங்கமான மனிதன் என்பார்கள். மீதிப் பேர் என்னிடம் கதை கேட்டவர்கள். முப்பத்தெட்டு வருஷம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றினேன். பதினேழு கொண்டை ஊசி வளைவையும் ஒருமுறை ரிவர்சிலேயே ஏறியிருக்கிறேன், முன் கியர் எல்லாம் உடைந்துபோய். நம்ப வேண்டாம். நீங்கள் நம்புவதால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நம்ப வேண்டியவர்கள் நாலு பேர். அவர்கள் இப்போது லடாக்கில் இருக்கிறார்கள். அந்த மனிதரோடு.

அந்த மனிதர் என்றால் என் சம்பந்தி. பெரியகுளம் தவசியப்பன். ரோடு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மகள் லோகமணியை அவர் மகனுக்குக் கொடுத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. பதினாலு வருஷத்தில் அவரும் நானும் ஒரு கெட்ட வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அதுதான் கொடுமை. மச்சான் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். பங்காளி என்றால் கேஸ் போடலாம். சம்பந்தியை என்ன செய்ய முடியும்? 'வாங்க சம்பந்தி, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்திக்கங்க சம்பந்தி' என்று சொல்லிக்கொண்டேதான் குத்த வேண்டும். அவரும் அப்படித்தான் குத்துவார். என்னைவிட நன்றாகக் குத்துவார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆள் ஐந்தடி இரண்டு அங்குலம். இடது முழங்கால் மடங்காது. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டேப் வைத்திருப்பார், இழுத்தால் நீளும், விட்டால் சுருக்கென்று உள்ளே போகும் பாருங்கள், அது. கல்யாணப் பந்தலுக்கு வந்தாலும் வாழைமரத்துக்கும் வாழைமரத்துக்கும் இடைவெளி அளப்பார். நான் ஆறடி. அவரை எப்போதும் மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அது அவருக்குப் பிடிக்காது.

இந்தக் கோடை விடுமுறைக்கு மாப்பிள்ளை குடும்பம் மூன்று வாரம் லடாக் போவதென்று முடிவெடுத்தது. பிள்ளைகள் நாலு. மூத்தவள் மதிவதனி, பன்னிரண்டு வயசு, நறுக்கென்று பேசுவாள். அடுத்தது இரட்டை, அகரன், சிகரன், ஒன்பது வயசு, இருவரையும் ஒரே சீட்டில் உட்கார வைத்தால் ரத்தம் பார்க்காமல் விடமாட்டார்கள். கடைசி பூவிழி, ஐந்து. மாப்பிள்ளை மதுரையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். நல்லவர். ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்டிலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவார். அவருக்கு எதற்கு லடாக் என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். லோகமணி என்னை முறைத்தாள்.

"எல்லாம் உங்களாலதாம்ப்பா. நீங்க அருவியில ஜீப் ஏத்துன கதையக் கேட்டுக் கேட்டு, இதுகளுக்குச் சாதா மலையே பத்தல."

அது உண்மைதான். தொண்ணூற்றெட்டு ஐப்பசி மழையில் தோட்டத்துப் பாதை அறுந்துபோய், பதினோரு பேரோடு அருவி வழியாகவே மேலே ஏறினேன். தண்ணீர் கண்ணாடியில் அடிக்கிறது, நான் முதல் கியரில் ஏறிக்கொண்டே இருக்கிறேன். உச்சிக்குப் போய் பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கெண்டை மீன் துடிக்கிறது. இந்தக் கதையை நாலு பிள்ளைகளுக்கும் தொட்டிலில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். பூவிழிக்கு மூன்றாவது வளைவிலேயே வாந்தி வரும். என் ஜீப்பில் மட்டும் வராது. ஏன்? கதை கேட்டுக்கொண்டே வருவாள், வாந்தி எடுக்க நேரம் இருக்காது.

லோகமணிதான் கணக்குப் போட்டாள். "நாங்க ஆறு பேரு. ஏழு சீட்டு வண்டி எடுக்கிறோம். நடுவுல இந்த ரெண்டு தடியங்களையும் பிரிச்சு நான் உக்காரணும். கடைசி சீட்டுல பூவிழி பக்கத்துல ஒரு பெரியவர் வேணும். ரெண்டு தாத்தாவுல ஒருத்தர் வாங்க. எந்த வண்டின்னு முடிவாகட்டும். அந்த வண்டியில யாருக்கு உக்கார வசதியோ அவர் வரட்டும்."

கவனித்தீர்களா? யாருக்கு உட்கார வசதியோ அவர். அங்கேதான் ஆரம்பித்தது.

ஆனால் சம்பந்திகளுக்குள் ஒரு முறை இருக்கிறது. நான் வருகிறேன் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. எதிராளியைத்தான் முன்னே தள்ள வேண்டும். அவன் மறுக்க வேண்டும். பிறகு அவன் நம்மைத் தள்ள வேண்டும். நாம் மறுக்க வேண்டும். மூன்று முறையாவது இது நடந்தால்தான் மரியாதை. அன்றைக்கும் நடந்தது.

"நீங்க போயிட்டு வாங்க சம்பந்தி. மலையெல்லாம் உங்களுக்குத்தான் பழக்கம்" என்றார்.

"அதெப்பிடி சம்பந்தி? மாப்பிள்ளையப் பெத்தவங்க நீங்க. நீங்க இருக்கும்போது நானா?" என்றேன்.

"எனக்கு முழங்கால் ஒத்துழைக்கணுமே."

"முழங்காலுக்கு என்ன சம்பந்தி, இரும்பு மாதிரி இருக்கு."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பேசினோம். இரண்டு பேருக்கும் அந்தச் சீட்டு வேண்டும். அன்று ராத்திரியே நான் யோசித்துவிட்டேன். அவருக்கு முழங்கால் மடங்காது. அப்படியானால் படி உயரமாக இருக்கிற வண்டியாகப் பார்க்க வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கிற போர்வீல் வேண்டும் என்று நான் சொல்ல நியாயமான காரணமும் இருக்கிறது, போர்வீல் வண்டி எல்லாமே உயரம். அவர் என்ன யோசித்தார் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுரையில் தெரிந்தது.

பெரிய கடை. கண்ணாடி, ஏசி. தாழ்வான வெள்ளை வண்டி ஒன்றைக் காட்டினார்கள். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டு நிற்கிறார். என் சம்பந்தி நேராகக் கடைசி சீட்டுக்குப் போனார். டேப்பை எடுத்தார். சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே வைத்து இழுத்தார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படித்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

"சம்பந்தி, நீங்க ஒருவாட்டி உள்ள உக்காந்து பாருங்களேன்."

உட்கார்ந்தேன். தம்பி, என் முழங்கால் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அகரன் ஓடிவந்து பார்த்துவிட்டு, "தாத்தா வெட்டுக்கிளி மாதிரி இருக்கார்" என்றான். கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. வருத்தமாகச் சொன்னார். "ஆறு இஞ்சுதான் இருக்கு. மூணு வாரம் இப்பிடியே உக்காந்தா சம்பந்தி இடுப்பு என்னத்துக்கு ஆகும்? பாவம்."

பாவம் என்றார். நான் உள்ளேயிருந்து வெளியே வருவதற்கே மாப்பிள்ளை கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. வந்ததும் கேட்டேன், "இது போர்வீலா?" இல்லை என்றார் கடைக்காரர். "மாப்பிள்ளை, அங்க ஆத்துக்குள்ள எறங்கி ஏறணும். முன் சக்கரமும் சேந்து இழுக்கலைன்னா நாலு பிள்ளையோட நடு ஆத்துல நிப்பீங்க." மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. ஒரு வருஷமாக அவர் ராத்திரி பகலாக வீடியோ பார்த்ததெல்லாம் ஆற்றில் மாட்டிய வண்டிகள்தான். வெள்ளை வண்டி போயிற்று.

அடுத்த வாரம் கோயம்புத்தூர். பழைய வண்டி விற்கிற இடம். பச்சை வண்டி ஒன்று நின்றது. அசல் போர்வீல். படி எங்கே இருக்கிறது தெரியுமா? என் தொடைக்கு. எனக்குப் பசியே அடங்கிவிட்டது.

"ஏறிப் பாருங்க சம்பந்தி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுக்க முடியாது, மகன் நிற்கிறான், மருமகள் நிற்கிறாள். வலது காலை வைத்துக் கைப்பிடியைப் பிடித்தார். அப்படியே தொங்கினார். சிகரன் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்துத் தள்ளினான். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பறவை ஏதோ போனது.

ஒரு வழியாக உள்ளே போனவர் அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார். "லோகமணி, பின்சீட்டு ரெண்டும் எதிரும் புதிருமா பக்கவாட்டுல இருக்கும்மா. பெல்ட்டும் இல்ல. பூவிழி எப்பிடி வருவா?"

அது சரியான கேள்வி. சரியான கேள்வி என்பதால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லோகமணி அந்தப் பச்சை வண்டியை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இப்படி நாலு ஞாயிறு தம்பி. நான் உயரமாகப் பார்க்கிறேன், அவர் இடுக்கலாகப் பார்க்கிறார். ஒன்றில் போர்வீல் இருந்தால் ஐந்து சீட்டு. ஏழு சீட்டு இருந்தால் போர்வீல் இல்லை. இரண்டும் இருந்தால் எங்கள் இருவரில் ஒருவருக்கு அதில் ஒரு குறை தெரியும். மாப்பிள்ளை கண் குழி விழுந்துவிட்டது. விடுமுறைக்கு இரண்டு வாரம்தான் மிச்சம். பாவம் அந்த ஆள், அப்பனும் மாமனும் தன் பிள்ளைகள்மேல் எவ்வளவு அக்கறையாக இருக்கிறோம் என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் சொன்னேன். "எதுக்கு மாப்பிள்ளை அலையணும்? நம்ம ஜீப் இருக்குல்ல."

நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். ஒன்பது பேர் உட்காரலாம், போர்வீல், படி உயரம். எல்லாவற்றுக்கும் மேலே, இந்த வண்டியை வேறு ஆள் ஓட்டினால் மூன்றாவது கியரைத் துப்பிவிடும். நான் இல்லாமல் இது தெருவைத் தாண்டாது. பக்கவாட்டு சீட்டுத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் ஜீப்பில்தானே பூவிழி வாந்தி எடுப்பதில்லை?  பிள்ளைகள் நாலும் குதித்தார்கள். மதிவதனிகூடக் குதித்தாள். அருவி ஏறிய வண்டியில் லடாக் போகிறோம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

 சம்பந்தி டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "நல்ல யோசனை சம்பந்தி. கிளம்புறதுக்கு முன்ன ஒருவாட்டி எல்லாரும் ஏறி, ஒரு ஏத்தத்துல பாத்துட்டாப் பிள்ளைங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்."

ஏற்றத்தை அவரே தேர்ந்தெடுத்தார். மலையடிவாரத்தில் முந்தலுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாதை. களிமண். அங்கே நூறு முறை ஏறியிருக்கிறேன். அன்று காலையில் போய்ப் பார்த்தால் பாதை முழுக்க ஈரம். முதல் நாள் மழை என்றார்கள். மழையா? நான் போடியில்தான் இருந்தேன், என் முற்றத்தில் ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் லாரிக்காரர்கள் எல்லோரும் அந்த மனிதருக்குப் பழைய சிநேகிதர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். சூடம் காட்டினோம். நசுக்கிக்கொண்டு புறப்பட்டேன். எட்டுப் பேர் உள்ளே. முன்சீட்டை மரியாதைக்காகச் சம்பந்திக்குக் கொடுத்தேன், அவரை ஏற்றிவிட அகரனும் சிகரனும் பழகிவிட்டிருந்தார்கள். பாதி ஏற்றம் வரைக்கும் வண்டி ராஜா மாதிரி போயிற்று. பிறகு பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. சேறு பின்னால் பறக்கிறது.

"போர்வீல் போடுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

"போடுங்க தாத்தா, போடுங்க தாத்தா" என்று பிள்ளைகள்.

போட்டேன். கியருக்குப் பக்கத்தில் சின்னக் கம்பி இருக்கிறது பாருங்கள், அதைப் பிடித்து இழுத்தேன். இன்னொரு முறை இழுத்தேன். பின்சக்கரம் மட்டும்தான் சுற்றியது. முன்சக்கரம் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது.

சம்பந்தி மெதுவாக இறங்கினார். யார் உதவியும் கேட்கவில்லை. அந்தச் சேற்றில், மடங்காத காலை நீட்டிக்கொண்டு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சம்பந்தி, இஞ்சின்லருந்து முன் சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்ட் போகுமே. இங்க அது இல்லையே."

தம்பி, நீங்கள் ஜீப் ஸ்டாண்டுப் பக்கம் வந்தவர் இல்லை, அதனால் சொல்கிறேன். முன் ஷாஃப்ட்டோடு ஓட்டினால் டீசல் குடிக்கும், டயர் தேயும், ஸ்டீயரிங் கனக்கும். அதனால் வண்டி எடுத்த இரண்டு மூன்று வருஷத்திலேயே ஸ்டாண்டில் எல்லோரும் அதைக் கழற்றி வைத்துவிடுவோம். கம்பி மட்டும் அப்படியே இருக்கும். டூரிஸ்டு கேட்டால் இழுத்துக் காட்டுவோம். போடியில் இது திருட்டு இல்லை, தொழில். நானும் தொண்ணூற்றேழிலேயே கழற்றிவிட்டேன். அந்த ஷாஃப்ட், நீளமான இரும்புத் தண்டு, என் வீட்டு முருங்கைக் கிளைக்கு முட்டுக் கொடுத்து நின்றது. இருபத்தெட்டு வருஷம் அந்தக் கம்பியை இழுத்து இழுத்து, அது வேலை செய்கிறது என்றே எனக்கு நினைப்பு. சத்தியமாக. பாதி சத்தியமாக.

 மதிவதனி பின்னாலிருந்து எழுந்து என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"எப்ப தாத்தா கழட்டுனீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்த குழப்பத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "தொண்ணூத்தேழு."

"அருவியில ஏறுனது தொண்ணூத்தெட்டுன்னீங்க."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் விடவில்லை. "அதாண்டா கண்ணு பெருசு. நாலு சக்கரத்துல ஏறுறது யாரு வேணாலும் செய்வான். தாத்தா ரெண்டே சக்கரத்துல ஏறுனேன்."

அகரனும் சிகரனும் வாயைப் பிளந்தார்கள். பூவிழி கைதட்டினாள். மதிவதனி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு, "பரவால்ல தாத்தா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பொய்க்காரா என்று சொல்லியிருந்தால் ஒரு கதை சொல்லிச் சமாளித்திருப்பேன். என்னைப் போய் பரவாயில்லை என்றாள்.

டிராக்டர் வைத்து ஜீப்பை இழுத்தோம். அந்த வாரமே ஈரோட்டில் ஒரு வண்டி கிடைத்தது. போர்வீல், ஏழு சீட்டு, கடைசி சீட்டும் முன்னோக்கி, பெல்ட்டும் உண்டு. சம்பந்தி அளந்தார். கடைசி சீட்டில் பதினோரு அங்குலம். நான் உட்கார்ந்தேன், கால் நீட்டிக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. படியோ உயரம். அவரால் ஏற முடியாது. கடவுள் கடைசியில் கண் திறந்தார் என்று நினைத்தேன்.

லோகமணி கேட்டாள், "சரி, யார் வர்றீங்க?"

நான் முறைப்படி சொன்னேன். "சம்பந்தியே போயிட்டு வரட்டும்மா."

அவர் மறுக்க வேண்டும். 'எனக்கு முழங்கால்' என்று சொல்ல வேண்டும். நான் இன்னொரு முறை தள்ள வேண்டும். அவர் இன்னொரு முறை மறுக்க வேண்டும். பதினாலு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

அவர், "சரி சம்பந்தி" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டார் தம்பி. முதல் முறையிலேயே. கூசாமல்.  இதற்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் பழக்கமில்லை. மறுநாள் பார்க்கிறேன், கடையில் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிவந்து, அதன்மேல் ஏறி, வண்டியில் ஏறி, ஸ்டூலையும் கையோடு உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறார். முப்பத்தெட்டு வருஷம் ஆள் ஏற்றிய எனக்கு ஒரு ஸ்டூல் தோன்றவில்லை பாருங்கள்.

போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நான் போட்டோ எல்லாம் பார்ப்பதில்லை. லோகமணி அனுப்புகிறாள், வந்து கிடக்கும். நேற்று முன்தினம் மதிவதனி சிவப்புக் குல்லாய் போட்டிருந்தாள், அகரனுக்கு உதடு வெடித்திருக்கிறது, வெண்ணெய் தடவச் சொல்ல வேண்டும். மற்றபடி நான் பார்ப்பதில்லை. சம்பந்தியும் ஒன்று அனுப்பியிருந்தார். பின்னால் பனிமலை. கீழே எழுதியிருக்கிறார், 'சாலை அகலம் மூன்று புள்ளி ஏழு ஐந்து மீட்டர்.' இதற்காக அவ்வளவு தூரம் போயிருக்கிறார்.

ஆறாம் நாள் அவரே போன் செய்தார். ஏதோ ஒரு கணவாயில் மண் சரிந்து அஞ்சு மணி நேரமாக வண்டிகள் நிற்கின்றனவாம். இரட்டையர்கள் சண்டை, பூவிழி அழுகை, லோகமணிக்குத் தலைவலி.

"சம்பந்தி, ஸ்பீக்கர்ல போடுறேன். பிள்ளைங்களுக்கு அந்த அருவிக் கதையக் கொஞ்சம் சொல்லுங்க. கேக்குதுங்க."

கேட்கிறார்கள் என்றாரா? என் வாயில் கதை வந்துவிட்டது. கதைக்குள் மழை பெய்ய ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் அந்த 'சரி சம்பந்தி' ஞாபகம் வந்தது. சீட்டு அவருக்கு, கதைக்கு மட்டும் நானா?

"நீங்கதான் பக்கத்துல இருக்கீங்களே சம்பந்தி. டேப்ப எடுத்து எதையாச்சும் அளந்து காட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகச் சொன்னேன் இல்லையா? அன்று நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் முருங்கை மரத்துக்கு வேறு முட்டுக் கொடுத்துவிட்டு, ஷாஃப்ட்டை எடுத்துப்போய் மெக்கானிக் பிச்சையிடம் மாட்டச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். சும்மாதான் என்றேன். அதனால் விளம்பரத்தில் போர்வீல் என்று இருப்பது இப்போது உண்மை. நாலு சக்கரமும் இழுக்கும்.

முந்தாநாள் பூவிழி பேசினாள். "போடித் தாத்தா, ஒனக்கு ஒண்ணு தெரியுமா? பெரியகுளத்துத் தாத்தா ஜீப்புல அருவி ஏறியிருக்காராம்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நூத்திப் பன்னெண்டு அடி உசரமாம். தண்ணி நாப்பது டிகிரி சரிவாம். மேல போனா வண்டிக்குள்ள மூணு கிலோ மீனாம். எனக்கு வாந்தியே வரல தாத்தா."

"அப்பிடியா பாப்பா" என்றேன். வேறென்ன சொல்வது? அந்த மனிதர் ஓட்டியது சைக்கிள் மட்டும்தான். என் அருவி, என் மழை, என் மீன். பத்து விரலையும் நீட்டிக்கூட அந்த அருவி இவ்வளவு உயரம் என்று நான் சொன்னதில்லை. அவர் அடிக் கணக்கு சொல்லிவிட்டார். மீனை எடை போட்டுவிட்டார். அளவு சொன்னதும் பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். போனை மதிவதனியிடம் கொடு என்றேன். வாங்கினாள்.

"கண்ணு, அது தாத்தா கதைடா."

"தெரியும் தாத்தா. பெரியகுளத்துத் தாத்தா நல்லாச் சொல்றாரு."

நல்லாச் சொல்கிறாராம். தம்பி, சீட்டுப் போனால் போகிறது. எனக்கு லடாக்கே வேண்டாம், எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அந்தப் பொய் என்னுடையது. இருபத்தேழு வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தது. அது அவருடைய பொய் இல்லை, என்னுடையது என்று எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது? பதினோரு பேர் வண்டியில் இருந்தார்கள் என்று சொன்னேனே தவிர, ஒருத்தன் பெயரைக்கூட நான் சொல்லி வைக்கவில்லை. அங்கேதான் தப்பு செய்தேன்.

வருகிற ஞாயிறு இல்லை, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள். நேரே இங்கேதான் சாப்பாடு. சம்பந்திக்கு இலையில் நானே ரசம் ஊற்றப் போகிறேன்.

உங்களுக்கு என்ன வயசு தம்பி? முப்பத்திரண்டா? அப்படியானால் தொண்ணூற்றெட்டில் அஞ்சு. சரியாக வருகிறது. உட்காருங்கள், உட்காருங்கள், எங்கே எழுந்திருக்கிறீர்கள்? விலையைப் பற்றிப் பேச்சே வேண்டாம், நீங்கள் சொல்வதுதான் விலை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியை எடுக்க வருகிற மாதிரி வாருங்கள். வாசலில் நின்று ஜீப்பை ஒரு முறை தடவிப் பாருங்கள், உதைக்க வேண்டாம். தடவிப் பார்த்துவிட்டு, 'இந்த வண்டியிலதான அய்யா சின்னப் புள்ளையில என்னைய அருவி வழியா மேல கொண்டாந்தீங்க' என்று ஒரே ஒரு வார்த்தை. உங்கள் அப்பா மடியில் இருந்தீர்கள். அழுதீர்கள். அழுதீர்கள் என்றால்தான் நம்புவார்கள்.

சம்பந்தி டேப்பை எடுப்பார். எவ்வளவு அடி என்று கேட்பார். நூற்றுப் பதினாலு என்று சொல்லுங்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மதிவதனிதான் சிக்கல். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எப்படி அடிக்கணக்கு தெரிந்தது என்று அவள் கேட்பாள். கட்டாயம் கேட்பாள். அதற்கு ஒரு பதில் எனக்கு இன்னும் வரவில்லை. நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள் தம்பி.